கதவு உரிகிறது!

"கதவு உரிகிறது!" என்றார் துணைவியார்.

"உரியட்டும்!" என்றோம் நாம்.

தோழர்களே! இந்த ஈரடி உரையாடல் நமது இல்லத்திலே ஒருநாள் இருநாளல்ல, ஆறு ஆண்டுகள் நடந்தது. அவர் அடுக்களை வாயிற்படியில் நின்று சொல்வார், கையிலே கரண்டியிருக்கும். நாம் கூடத்து நாற்காலியில் அமர்ந்து விடையிறுப்போம். கையிலே ஏடு இருக்கும். அந்த ஏட்டிலே பெரும்பாலும் மகளிர் உரிமை பற்றிய கட்டுரையொன்று இருக்கும். சிலபோது அது நாமே தீட்டிய கட்டுரையாகவும் இருக்கும்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரிக்க வேண்டிய செய்திதான். சிரித்து முடித்தபின் கேளுங்கள்.

நமது வீடு கொற்கையில். ஊர்ப்பெயரைக் கேட்டதும் புலவர் பெருமக்கள் நிமிர்ந்து உட்காருவர். ஆம், பாண்டியரின் துறைமுகம்! முத்துக்குப் பேர்போன பட்டினம்! முதல் நூற்றாண்டிலே கிரேக்க மொழி வணிகனொருவன் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' எனும் கடல்வழிக் கையேட்டிலே 'கொல்கோய்' என இடம்பெற்ற ஊர்! இன்று வந்து பாருங்கள். கப்பலும் இல்லை, கடலும் இல்லை. தாமிரபரணி கொணர்ந்து கொட்டிய வண்டலால் கரை விலகி, ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் அலையடிக்கிறது. நெல்லும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். கடல் போயிற்று, கடற்காற்று போகவில்லை, காற்றேறி வரும் உப்பும் போகவில்லை.

அந்தக் கையேடு இன்னொன்றும் கூறுகிறது. இங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகளாம்! மூச்சடக்கி மூழ்கியவன் கைதி, முத்தைக் கழுத்திலே பூண்டவன் கோமான். ஆக்குபவர் ஒருவர், அழகு பார்ப்பவர் மற்றொருவர் என்னும் ஏற்பாட்டின் வயது ஈராயிரம் ஆண்டு என்பதற்கு நமது ஊர் சான்று. நமது அடுக்களையும் சான்று.

பழைய அடுக்களையில் கதவு என்ற பேச்சே கிடையாது. சுவரிலே மாடம், விட்டத்திலே உறி, மூலையிலே பனம்பலகைப் பரண், பரண்மீது கருப்பட்டிக் கொட்டான். அடுப்புக்கு நேர்மேலே ஒரு சாளரம். சாளரம் என்பது மரியாதைச் சொல். ஓர் ஓட்டை, அதற்கு நான்கு கம்பி. அதன்வழியே புகையும் ஆவியும் வெளியேறும், காக்கை தலையை உள்ளே நீட்டும். 2015ஆம் ஆண்டு வீட்டைப் புதுக்கினோம். தூத்துக்குடியிலே ஒரு கடையில் வண்ணப்படம் காட்டினார்கள். படத்திலே ஓர் அடுக்களை. அங்கே கரியில்லை, கறையில்லை, கஞ்சியில்லை, சமைக்கும் ஆளுமில்லை! மயங்கினோம். சுவர் முழுதும் வரிசையாக அலமாரி வேண்டுமென்றோம். சாளரம் குறுக்கே நின்றது.

"சாளரம் இருக்கட்டுமே" என்றார் துணைவியார்.

"வரிசை கெட்டுவிடும்" என்றோம்.

அடைத்தோம், செங்கல் வைத்து, சிமென்டு பூசி. அந்தச் சுவரின் முன்னே நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் நிற்பவர் அவர். முடிவு செய்தவர் நாம்.

அந்தக் கதவுகள் எதனால் ஆனவை என்று அன்று கேட்டோமில்லை. கடைக்காரர் 'தேக்கு நிறம்' என்றார். 'நிறம்' என்ற சொல்லை உதறிவிட்டுத் தேக்கை மட்டும் ஏற்றுக்கொண்டது நமது செவி. உள்ளதைச் சொன்னால், மரத்தை நாராக அரைத்து, பிசினோடு கலந்து, சூட்டிலே அழுத்திய பலகை அது. எம்.டி.எஃப். என்பார்கள். மேல்வரிசைக் கதவுகளில் அப்பலகைமீது தேக்கின் வரியை அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் தோல். இரண்டுக்கும் நடுவே சூடு கண்டால் இளகும் பசை. கீழ்வரிசையில் தோலுக்குப் பதிலாக மைக்கா. மைக்கா என்கிறோமே, அதிலே மைக்கா கிடையாது! தாள் பலவற்றைப் பிசினிலே தோய்த்து அடுக்கி அழுத்திய தகடு அது. 1912, 1913ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பொறியாளர் இருவர், மின்கருவிகளிலே மைக்காவுக்கு மாற்றாகப் பயன்பட இப்பொருளை உருவாக்கி, 'மைக்காவுக்குப் பதிலாக' என்னும் பொருள்படவே 'ஃபார்மைக்கா' என்று பெயரிட்டனர். பதிலாள் வந்து பணிபுரிகிறான். வராதவன் பெயரே வருகைப் பதிவிலே நிலைத்துவிட்டது!

முத்தும் அடுக்கடுக்காய் ஆனதுதான். மேலடுக்கு மங்கிப்போன முத்தைக் கைதேர்ந்தவர் நுண்கத்தியால் உரிப்பதுண்டு. அடியிலே ஒளியுள்ள அடுக்கு இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை. தூத்துக்குடிக் கடலிலே பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. முத்தை உரித்தால் முத்து. நமது கதவை உரித்தால் மரத்தூள்.

முதலில் உரிந்தது அடுப்புக்கு வலப்புறத்து மேல்கதவு. 2017ஆம் ஆண்டு மழைக்காலம். கீழ்மூலையிலே தோல் அரை விரற்கடை எழும்பிற்று. அவ்வேளை உறவினர் ஒருவர் வந்து சேர்ந்தார். மனையடி சாத்திரம் கற்றவராம். சுற்றிப் பார்த்தார், மோவாயைத் தடவினார், "அடுப்பு அக்கினி மூலையில் இல்லை. அதுதான் தோல் உரிகிறது" என்று தீர்ப்பளித்தார். விடுவோமா நாம்! அக்கினி மூலையிலே அடுப்பு வைத்த வீடுகளில் உரிந்த கதவுகளை எண்ணிக்காட்டட்டுமா என்றோம். மூலைக்கும் பசைக்கும் உறவென்ன என்றோம். கேள்வி மேல் கேள்வி. பாதிக் காப்பியோடு எழுந்து போனார் பாவம். வெற்றிக் களிப்போடு திரும்பினால் துணைவியார் நின்றுகொண்டிருந்தார்.

"அவர் சொன்னது காரணமில்லை, சரி. எதுதான் காரணம்?"

"நீ தண்ணீரைக் கண்டபடி தெளிக்கிறாய், அதுதான்" என்றோம். (எழுத்திலே 'அவர்', வீட்டிலே 'நீ'. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

அந்த ஒரு வாக்கியம் இன்றும் நெஞ்சிலே முள்ளாக நிற்கிறது. உறவினர் பழியை மூலைமீது போட்டார்; நாம் ஒரு பெண்ணின் மீது போட்டோம். அவரும் ஆராயவில்லை, நாமும் ஆராயவில்லை. அவராவது அங்கே நின்று உழைப்பவரைக் குற்றவாளி ஆக்கவில்லை! காரணம் கேள், காரணம் கேள் என்று ஊரெல்லாம் முழங்கிய வாய், பத்தடி நடந்து சென்று கதவின் விளிம்பைப் பார் என்று சொந்தக் கால்களுக்குக் கட்டளையிடவில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17. மழை தொடங்கிற்று, நிற்கவில்லை. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்திலே 95 சென்டிமீட்டர்! மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைக் காட்டிலும் மிகுதி. திருவைகுண்டத்திலே 60 சென்டிமீட்டருக்கும் மேல். குளங்கள் உடைந்தன. ஏரல் கடைத்தெரு வெள்ளத்துக்குள் நின்றது. திருவைகுண்டம் நிலையத்திலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு தொடர்வண்டி முடங்கிற்று. நமது வீட்டிலே இடுப்பளவு நீர், இரண்டு நாள். உயிரோடு மீண்டோம். மீளாதவர்களும் அந்த வெள்ளத்திலே உண்டு. அவர்தம் உற்றார் முன்னே கதவுக்கதை பேச நமக்கு நாணமாகவே இருக்கிறது.

நீர் வடிந்தபின் இழப்புப் பட்டியல் எழுத அமர்ந்தோம். மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, வாழை, தொலைக்காட்சிப் பெட்டி. அடுத்து நூல்கள், அவற்றை ஒவ்வொன்றாய்ப் பெயர் பெயராக எழுதினோம், ஒரு பக்கம் நிறைந்தது.

"அடுக்களையை எழுதவில்லையே?" என்றார் துணைவியார்.

'அடுக்களை' என்று எழுதினோம்.

"நூலுக்கு ஒரு பக்கம், அடுக்களைக்கு ஒரு சொல்லா?"

எழுதுகோல் நின்றது. அவர் பரண்மீதிருந்து நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். பால் கணக்கு நோட்டு. அதன் பின்பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். என்ன கண்டோம் தெரியுமா? 'மூன்றாம் கதவு, ஐப்பசி, கீழ்மூலை.' 'நான்காம் கதவு, கார்த்திகை, அடுப்புப்பக்க விளிம்பு.' ஆறு ஆண்டுகளின் குறிப்பு! எந்தக் கதவு எப்போது எந்தப் பக்கம் உரிந்தது என்று ஒன்று விடாமல். கோடையிலே உரிந்தது ஒன்றுகூட இல்லை. சோற்றுப்பானைக்கு நேர்மேலே உள்ளவை முதலில், தள்ளியிருப்பவை பின்னால். இன்னொரு குறிப்பு நம்மைத் திடுக்கிட வைத்தது. 'கூடத்து அலமாரி உரியவில்லை.' ஒரே கடை, ஒரே பலகை, ஒரே பசை, ஒரே ஆள் செய்தது. கூடத்தில் இருப்பது உரியவில்லை, அடுக்களையில் இருப்பது உரிகிறது! வேறுபாடு ஒன்றே ஒன்று. ஆவி. ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே ஆய்வின் உயிர்? ஆய்வுக்கூடம் நமது வீட்டிலே நடந்துகொண்டிருந்தது; நாம் அதன் வாயிலில் நின்றுகூடப் பார்க்கவில்லை.

பொங்கல் கழிந்து தச்சர் வந்தார். எழுபது வயது, ஊரே அவரை அண்ணாச்சி என்றழைக்கும். வந்தவர் பேசவில்லை. ஒவ்வொரு கதவையும் விரல்முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், கட்டைவிரலை விளிம்போடு ஓட்டினார். கீழ்வரிசையில் வெள்ளம் குடித்த கதவுகள் ஊறிய அப்பம்போல் பருத்திருந்தன.

"இவை நோயாளி இல்லை தம்பி, பிணம்" என்றார்.

"காய்ந்தால் படியாதா அண்ணாச்சி?"

"சூட்டிலே நசுக்கி அடக்கின நார். தண்ணி கண்டால் எழும்பிவிடும். எழும்பினது திரும்பப் படியாது."

இந்த வாக்கியத்தை மேடையிலே வேறு பொருளில் பயன்படுத்தலாமே என்று நமது மனம் உடனே பறந்தது. பிடித்திழுத்துக் கதவுக்கே கொண்டுவந்தோம்.

மைக்கா ஒட்டிய கதவுகளின் அடிவிளிம்பை எங்கள் கண்முன் திருப்பிக் காட்டினார். பக்கங்களில் பட்டை ஒட்டியிருந்தது. அடியிலே பச்சைப் பலகை, பட்டையுமில்லை, பூச்சுமில்லை! குனிந்து பார்த்தாலன்றித் தெரியாத இடம். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு அலங்காரம், நீர் ஏறும் பக்கத்துக்கு ஒன்றுமில்லை. தரை துடைக்கும்போதெல்லாம் அந்த விளிம்பு நீர் குடித்திருக்கிறது. மேல்வரிசையில் கதை வேறு. கஞ்சி ஆவியின் சூட்டிலே பசை இளகும்; தோல் சுருங்கி இழுக்கும்; திறந்த இடுக்கிலே ஈரம் நுழையும். போதாக்குறைக்கு நமது ஊர் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை ஈர்த்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகையிலே இங்கே அது அன்றாட நிலை. ஓதம் என்றால் கடலின் ஏற்றம். ஓதம் என்றால் சுவரேறும் ஈரமும்தான். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நமது முன்னோர் கடலோரத்திலே குடியிருந்தவர்கள் என்பதிலே ஐயமில்லை.

"ஆவி எந்தப் பக்கமாய்ப் போகும்?" என்று கேட்டார் அண்ணாச்சி, நம்மைப் பார்த்து. நாம் துணைவியாரைப் பார்த்தோம். அவர் நோட்டைப் பார்த்துப் படித்தார். கேட்டு முடித்த கிழவர் வியந்துபோனார்.

"இவ்வளவும் தெரிந்திருக்கு. முன்னமே சொல்லியிருக்கலாமே தாயி?"

"சொன்னேன் அண்ணாச்சி" என்றார் அவர். அவ்வளவுதான். வேறொரு சொல் இல்லை.

கீழ்வரிசை முழுதும் குப்பைக்குப் போயிற்று. மேலே எட்டுக் கதவுகள் தப்பின. ஐந்தை ஒட்டிவிடலாம், மூன்றின் தோலை முழுக்க உரித்துப் பட்டி பார்த்து வண்ணம் பூசவேண்டும் என்றார் அண்ணாச்சி. வெள்ளத்துக்குப்பின் ஊரெங்கும் அவருக்கு வேலை. "ஒரு கதவு செய்து காட்டுகிறேன், மற்றதை நீங்களே செய்துகொள்ளலாம்" என்றார். "நான் செய்கிறேன்" என்றார் துணைவியார். "நீயா?" என்ற சொல் நமது தொண்டை வரை வந்தது. தச்சுவேலை அவரவர் பரம்பரை அல்லவா என்று எவரோ அண்டை வீட்டார் சொன்னபோது அண்ணாச்சி சிரித்தார். "என் மகன் துபாயிலே கணக்கு எழுதுகிறான். உளிக்குப் பிறப்பு தெரியாது, பொறுமைதான் தெரியும்."

அந்தப் பொறுமை நமக்கு எவ்வளவு உண்டு என்பது இரண்டே நாளில் வெளிச்சமாயிற்று.

முதல் வேலை ஒட்டுவதன்று, துடைப்பது. ஆண்டுக்கணக்கில் தாளித்த எண்ணெயின் பிசுக்கு, கண்ணுக்குத் தெரியாத படலமாய்க் கதவெங்கும் படிந்திருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. கீலைக் கழற்றி, கதவைச் சோப்பு கலந்த வெந்நீர்த் துணியால் துடைத்து, நிழலிலே இரண்டு நாள் உலர்த்தவேண்டும். நாம் ஒரே நாள் உலர்த்தினோம். பசை இன்னும் உயிரோடிருக்கும் இடங்களிலே, பருத்தித் துணியை விரித்து அதன்மேல் தேய்ப்புப் பெட்டியை இளஞ்சூட்டில் நகர்த்தினால் பசை மீண்டும் இளகிப் பிடித்துக்கொள்ளும். சூடு ஆறும்வரை மரக்கட்டையால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இளஞ்சூடு! நமக்கு விரைந்து முடியவேண்டுமே, சூட்டைக் கூட்டினோம். தேக்கு வரி ஒரு கையகலத்துக்குச் சுருங்கிச் சுட்ட அப்பளமாயிற்று. ஐந்து நான்காயிற்று, நான்குக்கு வந்த வண்ணப்பூச்சு மூன்றிலிருந்து நாலாயிற்று. துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து எழுதினார்.

பசை செத்துப்போன இடங்களுக்கு வேறு வழி. பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்தெடுக்க வேண்டும். உப்பளங்களுக்குப் பேர்போன மாவட்டத்திலே, உப்பு ஒரு துளியும் இல்லாத தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர்! பலகையைத் தேய்க்கும்போது மூக்குக்கு முகமூடி அணிந்தோம். அந்தப் பலகைகளின் பிசினிலே கலக்கும் ஃபார்மால்டிஹைடை மாந்தருக்குப் புற்றுநோய் தருவது என்று 2004ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. பிறகு தோலின் உட்புறம், பலகை இரண்டிலும் பசையை மெல்லிசாய்த் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். காத்திருப்பதுதான் வேலையே. ஈரப்பசையிலே அழுத்தினால் உள்ளே ஆவி அடைபட்டுக் கொப்புளம் எழும். நாம் ஒட்டிய கதவிலே கொப்புளம். அவர் ஒட்டிய மூன்றிலும் இல்லை. அந்தப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. முற்றத்துக்கு எடுத்துச் செல்லுங்கள், அடுப்பை அணையுங்கள் என்று நினைவூட்டியவரும் அவரே. கடைசியில் விளிம்பெங்கும், கீல் குழியின் உள்ளும்கூட, இரண்டு பூச்சு எனாமல். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு முதலில்.

கதவுகள் முற்றத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. மாட்டவேண்டியதுதானே என்றோம்.

"அதே சுவரில் மாட்டினால் அடுத்த ஐப்பசியில் இதே நோட்டில் எழுதவேண்டும்" என்றார்.

சாளரம்! ஒன்பதாண்டுக்கு முன்பு கேட்டது. அப்போது நமக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலே தொழிலாளர் குடியிருப்புகளுக்கென அடுக்களை வரைந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி எனும் பெண்மணி. இன்று உலகெங்கும் சுவரோடு பொருந்தி நிற்கும் அலமாரி அடுக்களைகளுக்கெல்லாம் முன்னோடி அவர் வரைந்ததே. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைந்தது. 1941ஆம் ஆண்டு நாஜிகளிடம் பிடிபட்டுப் போர் முடியும்வரை சிறையிருந்த வீராங்கனை அவர். அடுக்களை வரைந்த காலம்வரை தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்திலே வெளிப்படையாகச் சொன்னார்! தெரியாததைத் தெரியாதென அறிந்ததாலேயே அடியடியாய் அளந்தார், வேலைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டார். வேலை மேசையைச் சாளரத்தின் எதிரே வைத்தார். நாமும் சமைத்ததில்லை, நாம் சாளரத்தை அடைத்தோம்.

சுவரை உடைத்தோம். இரண்டு அலமாரிகள் போயின, மூன்றடிச் சாளரம் வந்தது. கீழே கதவே வேண்டாமென்றார் துணைவியார். கடப்பைக்கல் தட்டுகள் மட்டும், வெள்ளம் வந்தாலும் கழுவிவிடலாம். வரிசை கெட்டது. படத்திலிருந்த அடுக்களைக்கும் இதற்கும் இப்போது ஒப்புமையே இல்லை. வண்ணம் பூசவேண்டிய நான்கு கதவுகளுக்கும் நீலம் கலந்த பச்சை. பிராங்க்பர்ட் அடுக்களையில் ஈ அணுகாதென்ற நம்பிக்கையில் அந்த வண்ணம் பூசினார்கள் என்று நாம் சொல்லப்போக, "பூசிப் பார்ப்போமே" என்றார். பூசினோம். ஈ வருகிறது. கொற்கை ஈக்களுக்கு ஜெர்மன் மொழி தெரியாது போலும்.

2024ஆம் ஆண்டு ஐப்பசி வந்தது. மழை பெய்தது, சோறு கொதித்தது, ஆவி சாளரத்தின் வழியே போயிற்று. தீபாவளி கழிந்த வாரம், நாம் கூடத்திலே ஏடு விரித்திருந்த வேளை, அடுக்களை வாயிற்படியிலிருந்து குரல்.

"கதவு உரிகிறது!"

எழுந்து சென்றோம். எட்டிலே ஒன்று, கீழ்மூலை, நகக்கண் அளவு. நாம் ஒட்டிய கதவு. அவர் அதை முன்னமே நோட்டில் குறித்துவிட்டார். பசை டப்பா எங்கே என்று தேடினோம்.

"முதலில் பிசுக்கைத் துடையுங்கள்" என்றார்.